கால் கடுக்க நின்ற கதை

க்யூ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. 2023ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் நின்ற நிலைதான் இன்னும் காலை விட்டுப் போகவில்லை.

அந்த மே 8ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. என் மகள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். இன்ஜினியரிங் சேர வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். எங்களுக்குத் தொண்டாமுத்தூரில் கொஞ்சம் தோட்டம் உண்டு. சின்ன வெங்காயமும் வாழையும் போடுகிறோம். வெங்காயம் விலை போனால் தீபாவளி, போகாவிட்டால் அமாவாசை. அப்படியிருக்க, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பினார்கள். 2010லிருந்து நம் அரசாங்கம் கொடுத்துவரும் சலுகை அது. எங்கள் வீட்டில் தாத்தா பாட்டி காலம் தொட்டுக் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை. என் மாமனார் வாத்தியார்தான். ஆனால் அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டிரெயினிங் போனால் போதும், பட்டம் வேண்டாம். நான் பத்தாவதோடு சரி.

"ஏனுங்க, இதுக்கு எங்க போகோணும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "வெங்காயம் புடுங்க ஆள் வருது. நீயே போய்ட்டு வந்துரு" என்றார். அவருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது!

எந்த ஆபீஸுக்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. காலை ஒன்பதரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோதே வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரை வந்திருந்தது. என்ன வரிசை, எதற்கு வரிசை என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. முன்னால் நிற்பவர் நிற்கிறாரே என்று பின்னால் நிற்பவர் நிற்பார். நானும் அப்படித்தான் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. பதினொரு மணிக்கு மேல் குழந்தை பசியில் அழத் தொடங்கிவிட்டது. பஸ் நிலையங்களில் தாய்மார் பால் கொடுக்க 2015லேயே தனி அறை கட்டிவைத்தார்கள். அங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. "நீ அந்த மறைவுல போய்க் குடு கண்ணு. எடத்தை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பினேன். அவள் திரும்பி வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நடுவுல யாரும் பூரக் கூடாது" என்று சத்தம் போட்டார். குழந்தையைப் பார்த்தும் சத்தம் போட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஜன்னல் அருகே போனேன். உள்ளே இருந்த தம்பி என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இதை இங்க நேர்ல வாங்கறதில்லீங்கம்மா. இ-சேவை மையத்துல பதிவு பண்ணோணும். ஆமா, உங்க டி.சி. எங்கீங்க?" என்றார்.

"புள்ளையோட டி.சி.தான் இருக்குதுங்களே?"

"உங்களுதுங்கம்மா. நீங்க படிச்சது, வீட்டுக்காரர் படிச்சது எல்லாம் வேணுமுங்."

நாலரை மணி நேரம் நின்றது இந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்கத்தான். தோழி ஒருத்தியிடம் போனில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள்.

இதில் நான் செய்த பெரிய தப்பு இன்னொன்று. பெண்கள் எல்லோரும் செய்வதுதான். வெளியே போனால் ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கையில் பாட்டில் இருந்தும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் நீர் பிரியும்போது எரிச்சல். ராத்திரி குளிர் நடுக்கிக் காய்ச்சல். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சிறுநீரில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். "தண்ணி குடிக்காம, வந்த நீரையும் அடக்கிட்டு வெயில்ல நின்னா வேற என்ன வரும்? உங்களுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கப் போய் ஒரு வியாதியை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று கடிந்துகொண்டார்கள். கால் வீக்கத்துக்கும் வழி சொன்னார்கள். நின்றே ஆக வேண்டுமென்றால் அசையாமல் நிற்கக் கூடாதாம். அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுமாம். இப்போது பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அப்படிச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் என்ன!

மூன்று நாள் படுக்கை. கவுன்சலிங்குக்குச் சான்றிதழ்களை ஏற்ற வேண்டிய கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டே, "விடும்மா. சலுகை இல்லாட்டிப் போகுது. நான் ஆர்ட்ஸ் காலேஜ்லயே சேந்துக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏம் புள்ள, நம்ம கூட்டுறவுச் சங்கத்துலயே இ-சேவை இருக்குது. அதுக்குப் போய் இத்தனை பாடா?" என்றார். உரக்கடன் வாங்க வருஷம் தவறாமல் போகிற சங்கம்! வாசலில் பலகைகூட இருக்கிறது. எங்கள் கண்ணில் பட்டால்தானே?

என் டி.சி.க்காகப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கல்யாணத்தின்போது அம்மா வீட்டிலிருந்து வந்த பெட்டி. அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே, மடித்த மடிப்பில் கிழியப் பார்த்துக்கொண்டு கிடந்தது அந்தக் காகிதம். மகள் அதை உரக்கப் படித்தாள். மேல் வகுப்பிற்கு உயர்வு பெறத் தகுதி உடையவரா என்ற கேள்விக்கு நேரே, 'ஆம்' என்று மையில் எழுதியிருந்தது. "தகுதின்னுதானேம்மா போட்டிருக்கு, ஏம்மா போகல?" என்று கேட்டாள். அந்த வருஷம் என் அப்பா படுத்துவிட்டார், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள் என்றெல்லாம் அவளுக்கு எப்படிச் சொல்வது? "சங்கம் சாத்திருவாங்க, கெளம்பு" என்றேன்.

சங்கத்தில் இருந்த பெண் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். கட்டணம் 60 ரூபாய். ரசீதில் ஒரு எண் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து மேலே அனுப்ப, தாசில்தார் அலுவலகத்தில் முடிந்து போனுக்குச் செய்தி வரும் என்றாள். "சீக்கிரம் வருமா கண்ணு?" என்றதற்கு அவள் சொன்ன பதில்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது.

"இப்ப ஜமாபந்தி நேரமுங்கக்கா. வி.ஏ.ஓ. எல்லாரும் கணக்கைத் தூக்கிட்டுத் தாலுகா ஆபீஸ்ல இருப்பாங்க. இதே நேரத்துலதான் பிளஸ் டூ, பத்தாவதுக்காரங்க எல்லாம் வருவாங்க. பிப்ரவரியில வந்திருந்தீங்கன்னா யாருமே இல்லீங்க."

யோசித்துப் பாருங்கள். பரீட்சை மார்ச்சில் வரும் என்பது ஜூன் மாதமே தெரியும். சாதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். அதைப் பொங்கல் கழிந்து வாங்கி வைத்தால் ஜூனில் அப்படியே நீட்டலாம். நாமோ ரிசல்ட் வந்த மறுநாள் எல்லோரும் ஒன்றாக ஓடுகிறோம். ஊறுகாய்க்கு மாங்காயைக் காலத்தோடு வாங்கத் தெரிந்த நமக்கு இது தெரியாமலா போயிற்று?

எங்கள் அதிர்ஷ்டம், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் செய்தி வந்துவிட்டது. மகள் இப்போது கோவையிலேயே இன்ஜினியரிங் படிக்கிறாள்.

அதற்கப்புறம் எந்த ஆபீஸுக்குப் போனாலும் எனக்கு அங்கே எப்போது கூட்டம் இருக்காது என்று ஆராய்வதே வேலையாகிவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்கவென்றால் அன்றுதான் போக வேண்டும், வேறு வேலையென்றால் அன்று அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. பத்திர ஆபீஸில் முகூர்த்த நாளில் அரசாங்கமே 100க்குப் பதில் 150 டோக்கன் கொடுக்கிறது என்றால் கூட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தீர்ந்து அடமான ரசீது பதிய வேண்டி வந்தபோது நான் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கேட்டு வாங்கினேன். என் மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "அம்மிணி, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து ராகுகாலமாச்சே!" "அதனாலதானுங்கத்தை, அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்றேன். நிலம் வாங்குவதென்றால் நானும் ராகுகாலத்தில் போக மாட்டேன். கடன் தொலைவதற்கு எந்த நேரமும் நல்ல நேரம்தானே! பெஞ்சு நிறைய இடம். ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருந்தேன். அத்தை நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிட்டாவுக்கும் வில்லங்கம் பார்க்கவும் இப்போது போவதே இல்லை. மகள் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள்.

அத்தைக்கும் ஒரு க்யூ இருந்தது. மாமனார் போனபின் குடும்பப் பென்ஷன் வருகிறது. அதற்காக முன்பெல்லாம் ஏப்ரல் முதல் ஜூன் வரை, அக்கினி நட்சத்திர வெயிலில், கிழவர்களும் கிழவிகளும் ஒரே நேரத்தில் கருவூலத்துக்குப் போய் உயிரோடிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். 2022லிருந்து அவரவருக்கு உரிய மாதம் என்று பிரித்துவிட்டார்கள். அதற்கும் மேலாக, தபால்காரரே வீட்டுக்கு வந்து சின்னக் கருவியில் கைரேகை வாங்கி உயிர்ச் சான்றிதழ் பதிந்துவிட்டுப் போகிறார். கொடுத்தது 70 ரூபாய். அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடி விரலை வைத்தார். தபால்காரருக்கு மோர் கொடுத்தோம்.

அதே 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? ரேஷன் கடைக்காரர் விண்ணப்பத்தையும் டோக்கனையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். எந்த நாள், எத்தனை மணி என்று அதிலேயே எழுதியிருந்தது. மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கு மேல் பெண்கள். நான் போய் உட்கார்ந்து, பதிந்து, வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். மே மாதம் வேப்பமரத்தடியில் நின்றவளுக்கு, நம்மை நிற்க வைக்காமலும் வேலை நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வரிசையில் நின்ற சின்னப் பெண்ணை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்: குழந்தை பிறந்து ஒரு வருஷத்துக்குள் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்த்துவிடு கண்ணு, அதுவரை கட்டணமில்லை, தாமதித்தால் பணமும் அலைச்சலும். ஐந்து வயதுக்குள் ஆதார் எடுத்தால் குழந்தைக்குக் கைரேகை வேண்டாம், உன் கைரேகை போதும். அப்புறம் ஐந்து வயதில் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2024லிருந்து பள்ளிக்கூடத்திலேயே ஆதார் பதிய ஏற்பாடு செய்தார்கள், முதலில் அங்கே கேட்டுப் பார். எங்கே போனாலும் கிளம்பும் முன் போனில் கேள், தண்ணீரைக் குடி.

இப்போது என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். முதல் பட்டதாரி சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். இவனுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, எல்லாக் காகிதமும் வைத்திருக்கும் மஞ்சள் பையோடு சங்கத்துக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். வேறு யாருமில்லை.

"என்னங்கக்கா, இன்னும் பரீட்சையே ஆரம்பிக்கல, இப்பவே வந்துட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.