கூண்டும் கூடும்

கூண்டு என்றதும் எனக்கு இதுவரை கோர்ட்டும் கிளியும்தான் நினைவுக்கு வந்தன. 2023 கோடையிலிருந்து எங்கள் அப்புவும் சேர்ந்துகொண்டது.

அப்பு தெருவில் கிடைத்த நாய். டில்லி மயூர் விஹாரில், எங்கள் குடியிருப்பின் வாசலிலேயே ஸ்கூட்டர் மோதிப் பின்னங்கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்த டாக்டர், கூடவே ஒரு தண்டனையும் விதித்தார்: ஆறு வாரம் கூண்டுவாசம். ஓடக் கூடாது, தாவக் கூடாது. தாவினால் தகடு பிடி விடும், மறுபடியும் கத்தி.

முதல் இரவு, ஸ்டோர் ரூமில் கம்பிக் கூண்டை வைத்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் முனகல், பிறகு ஊளை. நள்ளிரவில் மேல் மாடி சர்தார்ஜி இறங்கி வந்தார். எழுபது வயது, பைபாஸ் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "நீயும் தூங்கு பேட்டா, என்னையும் தூங்க விடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவர் போனதும் அப்புவை அதட்டினேன். அது இன்னும் உரக்கக் கத்தியது. வேறு வழி தெரியாமல் கதவைத் திறந்தேன். நொண்டிக்கொண்டே போய் சோபாவில் தாவி ஏறியது. எனக்கு நெஞ்சு பதறியது. கத்தினால் கதவு திறக்கும் என்ற பாடத்தையும் அன்றே கற்றுக்கொடுத்துவிட்டேன்.

காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். நல்லவேளை, காலுக்கு ஒன்றுமில்லை. "எச்சில் ஒழுகுகிறதா? கம்பியைக் கடிக்கிறதா?" என்று கேட்டார். அப்படியிருந்தால் அது பிடிவாதம் அல்ல, பயம், மருந்து வேண்டியிருக்கும். வெறும் முனகல் என்றால் பழக்கிவிடலாமாம்.

கூண்டை என் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அப்பு கத்தியது பெரும்பாலும் தனிமையால் என்பது அதன் பிறகுதான் புரிந்தது. உள்ளே என் பழைய நூல் புடவை. கோழியும் சோறும் அங்கேதான். சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தினோம். பிறகு ஐந்து நிமிடம், பதினைந்து, ஒரு மணி. முனகினால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓய்ந்த நொடியில் ஒரு துண்டு கோழி. விடியற்காலை முனகல் மட்டும் வேறு: அது மூத்திரம். கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், கொஞ்சல் ஏதுமின்றித் திரும்பிவிட வேண்டும். மூன்று பக்கமும் துணி போர்த்தினேன். கூலர் பக்கம் திறந்தே இருந்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூடிவைத்தால் டில்லி மே மாதம் அதைக் கொன்றுவிடும்.

இரண்டாவது வாரக் கடைசியில் லிஃப்டில் சர்தார்ஜியைப் பார்த்தேன். "சத்தத்தையே காணோமே, நாய் உயிரோடு இருக்கிறதா?" என்று கவலையோடு கேட்டார். மாலையில் பிஸ்கட்டோடு வந்து பார்த்த பிறகுதான் அவருக்குச் சமாதானம்.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. கூண்டை மடித்துப் பரணில் போட்டேன். அன்றிரவு அப்பு தூங்கவில்லை. கூண்டு இருந்த இடத்தில் மூக்கை வைத்தபடி நின்றது. மறுநாள் அதைக் கீழே இறக்கி, கதவை மட்டும் கழற்றிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தேன். இப்போதும் அங்கேதான் தூங்குகிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அப்புதான் சொல்லிக்கொடுத்தது: கூண்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான்.