ஒரு கிராம் என்ன விலை?

சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டி, லிஃப்ட் இல்லாமல் பனிமலை ஏறுவதற்குச் சப்பாத்து தேடுகிறேன். சூரிச்சில் கடை கடையாக ஏறியதில் ஒன்று விளங்கியது: எடை குறையக் குறைய விலை கூடுகிறது! வணிகவியல் படிக்கிறவனுக்கு இது தலைகீழ்க் கணக்கு.

லிஃப்டில் போய்ச் சறுக்குகிறவர்களின் சப்பாத்து ஒரு காலுக்கு 2 கிலோ வரும். மலையேற்றத்துக்கானது 1 கிலோ சொச்சம். கார்பனில் செய்த பந்தயச் சப்பாத்து 500, 600 கிராம்தான். அடிக்கு 300 கிராம் குறைந்தால், 10,000 அடிக்கு 3,000 கிலோ மிச்சம். 2026 ஒலிம்பிக்கில் போர்மியோவில் ஏறியவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் நேரம்.

ஆனால் ஏறியவன் இறங்கவும் வேண்டுமே? மிக மெல்லிய சப்பாத்து இறுகிய பனியில் பலகையை அடக்காது. பாடுபடுவது முழங்கால். ஏறும்போது கணுக்கால் தாராளமாக மடங்குகிறதா, குதிக்கால் உள்ளே தூக்காமல் இருக்கிறதா, பைண்டிங்கின் ஊசிகள் பொருந்துகின்றனவா? இவற்றைப் பார்த்த பிறகுதான் தராசு.

பகுதிநேர வேலையில் சேர்த்த காசு ஒரு சோடிக்குத்தான் காணும். 1.2 கிலோவையே எடுக்கப்போகிறேன். நான் முதலாவதாக வரவேண்டும் என்று அம்மா கேட்கவில்லை, முழுசாக வந்தால் போதுமாம். பந்தயம் ஓடுகிறவர்களே, உங்கள் கணக்கு வேறு!