ஊரே கம்பெனி: திருப்பூர்

ஈரோட்டுக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கிறது திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது என்று கேள்விப்பட்டு வந்து இறங்குபவர்கள் முதலில் பெரிய ஆலையைத்தான் தேடுவார்கள். ராயபுரத்திலும் கொங்கு நகரிலும் 15 வேலம்பாளையத்திலும் தெருத்தெருவாக நடந்தாலும் கண்ணில் படுவது வீடுகள்தான். கீழ்த்தளத்தில் தையல் மெஷின் ஓடும். மாடியில் குடும்பம் இருக்கும். துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு மொபெட்டும் குட்டியானையும் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். மற்ற ஊர்களில் ஒரு மதில் சுவருக்குள் நடக்கிற வேலை இங்கே சாலையில் நடக்கிறது.

ஒரு டி-ஷர்ட்டின் வழியைப் பார்த்தால் இது விளங்கும். ஏற்றுமதியாளர் மில்லில் நூல் வாங்குகிறார். மில்கள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கும். ஊர் முழுக்க அன்று அதுதான் பேச்சு. நூல் மூட்டை நிட்டிங்காரரிடம் போய் கோரா துணியாகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை. பிறகு துணி சுருங்காமல் இருக்க காம்பாக்டிங். அதன்பின் கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு படியிலும் ஒரு தனி முதலாளி இருக்கலாம். ஏற்றுமதியாளரின் கையில் கட்டிங்கும் பேக்கிங்கும் மட்டும் இருந்து, மற்றதெல்லாம் வெளியே ‘ஜாப் ஒர்க்’காகப் போவது பல காலம் இந்த ஊரின் சாதாரண நடைமுறை. இதை யாரும் உட்கார்ந்து வரைபடம் போட்டுத் திட்டமிடவில்லை.

இந்தச் சங்கிலியில் நான் முக்கியமாகக் கருதுவது பவர் டேபிள். ஒரு நீள மேசை, அதன்மேல் வரிசையாக ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்கள், ஒரே மோட்டாரில் ஓடும் தண்டிலிருந்து எல்லாவற்றுக்கும் பெல்ட். கட்டிங் முடிந்த பீஸ்கள் கட்டுக்கட்டாக வந்து விழும். டெய்லருக்குப் பக்கத்தில் நிற்பவர் கைமடி. பீஸை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடித்து அடுக்குவது அவர் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா கிடக்கும்போது கழிவுத் துணியில் ஓட்டிப் பார்த்தே தையல் கற்றுக்கொள்வார். கைமடி டெய்லராவார், டெய்லர் நாலைந்து பேரைச் சேர்த்துக் கான்ட்ராக்ட் எடுப்பார், கான்ட்ராக்டர் பழைய மெஷின் வாங்கி பவர் டேபிள் போடுவார், அதில் தாக்குப்பிடித்தவர் சொந்தமாகக் கம்பெனி தொடங்குவார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. பெண்களுக்கு மிக அரிதாகவே வாய்த்தது. ஆனாலும் இந்த ஊரின் முதலாளிகளில் பெரும்பகுதி இந்த ஏணியில் ஏறி வந்தவர்கள்தான். புவியியல் ஆய்வாளர் சரத் சாரி இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாடுபட்ட குடும்பங்கள் அந்த உழைப்பையே மூலதனமாகக் காட்டி முதலாளிகளானார்கள் என்பது அவர் வாதம்.

பின்னலாடை இங்கு வந்தது 1920களில். அதற்கு முன்பே பருத்திச் சந்தையும் ஜின்னிங் ஆலைகளும் இருந்தன. கதர் இயக்கத்துக்கும் இது முக்கியமான ஊர். 1932 ஜனவரியில் கொடியேந்தி அடிபட்டு இறந்த குமரனின் பெயர் ஊர்ப்பெயரோடு ஒட்டிவிட்டது. பனியன் என்றால் அந்நாளில் கொல்கத்தாதான். மெல்ல மெல்ல அந்தச் சந்தையைத் திருப்பூர் பிடித்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைத்தொடர் வந்தது. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 1990இல் 300 கோடியைத் தொட்டது. அந்த ஆண்டுதான் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தொடங்கப்பட்டது. 2024-25 நிதியாண்டில் அந்தத் தொகை சுமார் 40,000 கோடியை எட்டியது.

இந்தப் பாய்ச்சலுக்கு முன் 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன்பின் பல முதலாளிகள் ஒரே கூரையின் கீழ் பெரிய கூட்டத்தை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒரே குடும்பம் நாலு பெயர்களில் நாலு சிறு கம்பெனி நடத்தியது. தையல் கான்ட்ராக்டுக்குப் போனது. ஊர் இத்தனை துண்டுகளாகச் சிதறியிருப்பதற்குக் கொங்கு மண்ணின் தொழில் முனைப்பை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்த 127 நாளை மறந்துவிடுகிறார்கள். சட்டமும் இதற்குத் துணைபோனது. பின்னலாடை 2005 வரை சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. முதலீடு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், வளர்கிற கம்பெனி பெரிதாவதற்குப் பதில் இன்னொன்றைப் பெற்றது.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உறவிலிருந்து. வங்கிக்குப் போவதற்கு முன்பே மாமனார் தருவார், பங்காளி தருவார், நூல்காரர் கடனுக்குக் கொடுப்பார். இதைக் கூர்ந்து ஆராய்ந்த இருவர் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும். 2004இல் வெளியான அவர்களது ஆய்வு, உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் கம்பெனிகள் வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகளைவிட அதிக முதலீட்டோடு தொடங்குவதையும், குறைந்த பணத்தோடு தொடங்கிய வெளியூர்க்காரர்கள் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் அவர்களை முந்துவதையும் காட்டியது. நிலத்தில் ஈட்டிய பணம் உறவுக்காரர் கைக்குத்தான் போனதே தவிர, அதை மிகத் திறமையாகப் பயன்படுத்தக்கூடியவரின் கைக்குப் போகவில்லை. பானர்ஜி 2019இல் நோபல் பரிசு பெற்றபோது ஊரில் எத்தனை பேருக்கு இது நினைவிருந்ததோ! திருப்பூரைப் பற்றிய நேர்மையான பாராட்டும் விமர்சனமும் ஒருசேர அந்த ஆய்வில் உண்டு.

உறவின் கடனில் ஓடிய ஊர் தன் ஆற்றின் கடனைக் கணக்கில் எழுதவில்லை. நொய்யல் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணி நிறத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். நூற்றுக்கணக்கான பட்டறைகளின் உப்புநீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழே இருந்த விவசாயிகளின் கிணறு கெட்டது, நிலம் கெட்டது. சாயத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவு வந்தது.

சாயம் நின்றால் எல்லாம் நிற்கும். ரோல்கள் ஈரோட்டுக்கும் அதற்கு அப்பாலும் லாரியில் அலைந்தன. ஆர்டர்கள் தவறின, சம்பளம் தவறியது, பிழைக்க வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சாயப்பட்டறைகளில் பல திரும்பத் திறக்கவேயில்லை. மீண்டவை கழிவுநீரைச் சவ்வுகள் வழியாக அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன. செலவு மிக அதிகம். போட்டியாளர் நாடுகளின் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் செலவு கிடையாது. இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் திருப்பூர் பெருமையோடு எடுத்துக்காட்டும் தகுதி இந்தச் சுத்திகரிப்புதான். அந்தப் பெருமையில் முதல் பங்கு வழக்குத் தொடுத்த விவசாயிகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

2005இல் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. சிறுதொழில் ஒதுக்கீடும் அதே ஆண்டில் போனது. 2011 அடி இவற்றோடு சேர்ந்துகொண்டது. வாங்குகிறவர்கள் இப்போது தொழிற்கூடத்துக்கே வந்து கழிப்பறை முதல் வருகைப்பதிவேடு வரை தணிக்கை செய்கிறார்கள். நாலு தெருவில் சிதறிக்கிடக்கும் கம்பெனி அதில் தேறுவது கடினம். அதனால் நூற்பு, நிட்டிங், சாயம், தையல் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் எழுந்தன. கொத்தாக விடுதி கட்டி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருபவர்களைத் தங்கவைக்கிறார்கள். தொழிலாளிக்கு வெளிச்சமான கூடம், வருங்கால வைப்பு நிதி, நேரத்துக்குச் சம்பளம் கிடைக்கிறது. இவை சிறிய ஆதாயங்களல்ல. ஆனால் அசெம்பிளி லைனில் நாள் முழுக்கக் கைப்பட்டி மட்டும் தைக்கிற பெண்ணோ, விடுதியில் தங்கி மூன்று வருடத்தில் ஊர் திரும்பும் இளைஞனோ முழுச் சட்டையின் வேலையையும் பார்ப்பதில்லை. நிட்டிங்காரரையும் சாயப்பட்டறைக்காரரையும் பெயர் சொல்லி அறிவதில்லை. கடன் கொடுக்கும் பங்காளியும் இங்கே அவருக்கு இல்லை. கைமடியிலிருந்து கம்பெனி வரை போன ஏணியில் நடுப்படிகள் கழன்றுகொண்டிருக்கின்றன.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது முதலில் ஆட்டம் கண்டதும் அந்த நடுப்படிகள்தான். திருப்பூர்ச் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர் குறைந்தால் ஏற்றுமதியாளர் தன் கூடத்து மெஷின்களுக்கு வேலை வைத்துக்கொண்டு வெளி வேலையைத்தான் முதலில் நிறுத்துவார்; யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதற்கு முந்தைய மாதம் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைப் பெரிய நிறுவனங்கள் அடுத்த வாசலாகப் பார்க்கின்றன. புதுச் சந்தைக்கு ஏற்ப மாறும்வரை தாக்குப்பிடிக்க அவர்களிடம் வங்கிக் கணக்கும் ஏற்றுமதி ஆவணமும் இருக்கின்றன. எட்டு மெஷின் வைத்திருக்கும் பவர் டேபிள்காரரிடம் முடித்துக் கொடுத்த வேலைக்கான பில் மட்டும்தான் இருக்கிறது.

குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராத நிறுவனம் அந்தத் தொகையை உரிய ஆண்டில் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏற்றுமதியாளர்கள் இதைக் கண்டு கலங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் பணம் தரவே மூன்று மாதம் ஆகிறதே என்பது அவர்கள் முறையீடு. அதில் நியாயம் உண்டு. அதற்கான மருந்து ஏற்றுமதியாளருக்கு வங்கி தரவேண்டிய நடைமுறை மூலதனத்தில் இருக்கிறது. ஜாப் ஒர்க் கூலியைத் தள்ளிப்போடுவதில் இல்லை. வேலை முடித்த கூலி 45 நாளில் கைக்கு வந்தால் பவர் டேபிள்காரர் சனிக்கிழமை சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. மந்தமான ஒரு பருவத்தையும் மெஷினை விற்காமல் கடந்துவிடுவார். ஏற்றுமதியாளர் சங்கமும் ஜாப் ஒர்க் சங்கங்களும் அடுத்த முறை கூலி உயர்வு பேச உட்காரும்போது முதலில் முடிக்கவேண்டிய விஷயம் இந்த 45 நாள்தான்.