கம்பிக்குள்ள என்ன போகுது?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்றால் நம்மில் பாதிப் பேர் காதல் கவிதை கொடுப்போம். மீதிப் பேர் 'நட்பு' என்று தலைப்பு வைப்போம். நான் ஒரு கம்பியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நம்ம மைக்ரோகன்ட்ரோலர் லேப்பில் ஜன்னல் ஓரமாக நாலு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் நாலு, ஆக ஒன்பது ஊசி. இரண்டு பக்கமும் திருகு மாட்ட இடம். அதுதான் சீரியல் போர்ட். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் இது இல்லை. "வழக்கொழிஞ்சு போனதை எதுக்கு சார் சிலபஸ்ல வச்சிருக்காங்க?" என்று நம் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

தாத்தா காலத்து போர்ட்

ஆர்.எஸ்.-232 என்று நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோமே, அந்த விதிமுறை அமெரிக்காவில் 1960ல் வந்தது. 1969ல் அதைத் திருத்தி ஆர்.எஸ்.-232-சி ஆக்கினார்கள். அப்போது வீட்டுக் கம்ப்யூட்டரே கிடையாது. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைக்கத்தான் இதைச் செய்தார்கள். 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 25 ஊசி வைத்த பெரிய போர்ட் இருந்தது. 1984ல் வந்த ஏ.டி. மாடலில்தான் அது 9 ஊசியாகச் சுருங்கியது. இன்றைக்கும் லினக்ஸில் சீரியல் போர்ட்டின் பெயர் 'டி.டி.ஒய்.' என்றுதான் ஆரம்பிக்கும். டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. வேகத்தை 'பாட்' என்கிறோமே, அது 1870களில் தந்தி முறை ஒன்றை உருவாக்கிய பிரான்ஸ் நாட்டு எமில் பாடோ என்பவரின் பெயர். தந்தி ஆபீஸின் பேரன் நம்ம சீரியல் போர்ட்!

1996ல் யூ.எஸ்.பி. வந்தது. பிரிண்டர், மவுஸ் எல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் சீரியல் சாகவில்லை. சி.என்.சி. மெஷின், பி.எல்.சி., ரவுட்டரின் கன்சோல் போர்ட், எடை மேடை என்று பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்டுயினோ போர்டை யூ.எஸ்.பி. கேபிளில் சொருகுகிறோம். ஆனால் 'சீரியல் மானிட்டர்' திறந்து பார்க்கிறோமே, அங்கே பேசுவது யார்? அதே சீரியல்தான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பேசுவதற்கு முன்னால் ஒப்பந்தம்

சரி, விஷயத்துக்கு வருவோம். எட்டு பிட்டை எட்டுக் கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். சீரியலில் ஒரே கம்பிதான். ரேஷன் கடை க்யூ மாதிரி பிட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக கிரவுண்ட். மொத்தம் மூணே மூணு கம்பி! கம்ப்யூட்டர் பக்கம் 2ஆம் ஊசி கேட்கும் காது, 3ஆம் ஊசி பேசும் வாய், 5ஆம் ஊசி கிரவுண்ட்.

இதில் நான் முதலில் வியந்தது ஒன்று உண்டு. இந்த மூன்று கம்பியில் கடிகாரத்துக்கு என்று தனிக் கம்பி கிடையாது. அப்படியானால் ஒரு பிட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று எதிர்முனைக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் 9600, டேட்டா 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. இதுதான் ஒப்பந்தம்.

சும்மா இருக்கும்போது கம்பியில் மைனஸ் வோல்டேஜ் நிற்கும். திடீரென்று அது பிளஸ்ஸுக்குத் தாவினால் ஸ்டார்ட் பிட். "இதோ வர்றேன், கவனி" என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து எதிர்முனை தன் சொந்தக் கடிகாரத்தில் எண்ண ஆரம்பிக்கும். 9600 என்றால் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோ செகண்ட். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஸ்டார்ட் 1, டேட்டா 8, ஸ்டாப் 1, ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட். செகண்டுக்கு 960 எழுத்து. வோல்டேஜும் தலைகீழ்தான். மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வரை '1', பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை '0'. நம்ம 8051 சிப்புக்கு 5 வோல்ட்தான் தெரியும். அதனால்தான் நடுவில் மேக்ஸ்232 என்ற ஐ.சி. மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறது.

65 எப்படி 161 ஆச்சு?

ஒப்பந்தம் பிசகினால் என்ன ஆகும் என்பதைப் போன செமஸ்டரில் கண்ணால் பார்த்தோம். கிட்டிலிருந்து 'ஏ' என்ற எழுத்தை அனுப்பும் புரோகிராம். ரெக்கார்டில் உள்ளபடியே அடித்தோம். ஸ்கிரீனில் வந்தது ஏதோ புரியாத குறி! கேபிளை மாற்றினோம், கம்ப்யூட்டரை மாற்றினோம். ம்ஹூம். கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து, "கிரிஸ்டல் மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்கப்பா" என்றார். 12 மெகா ஹெர்ட்ஸ்! புரோகிராமோ 11.0592 மெகா ஹெர்ட்ஸுக்கு எழுதினது.

இந்த 11.0592 என்ற விநோதமான எண்ணை நாம் மனப்பாடம்தானே செய்கிறோம்? அன்றைக்குத்தான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதை 12ஆல் வகுத்து, 32ஆல் வகுத்து, 3ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 9600 வருகிறது. 12 மெகா ஹெர்ட்ஸை அப்படியே வகுத்தால் 10417. எட்டரை சதவீதம் வேகம் கூடுதல். பத்து பிட் தூரத்துக்குள் அரை பிட்டுக்கு மேல் விலகக் கூடாது, அதாவது தாங்குகிற அளவே சுமார் 5 சதவீதம்தான். எட்டரை என்றால் கேட்பவன் நடுவில் ஒரு பிட்டைத் தவறவிட்டு, ஸ்டாப் பிட்டையும் டேட்டா என்று எண்ணிவிடுகிறான். கோடு போட்டுப் பார்த்தோம். அனுப்பியது 65, போய்ச் சேர்ந்தது 161. கிட்டும் நல்ல கிட்தான், கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர்தான். ஒப்பந்தம்தான் பொருந்தவில்லை. கிரிஸ்டலை மாற்றியதும் 'ஏ' வந்தது. லேப்பே கைதட்டியது!

அப்பாவின் கேள்வி

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது லேப் இல்லை. எங்க அப்பா.

அப்பா லாரியில் மூட்டை ஏற்றும் வேலை செய்கிறார். கூலி டன் கணக்கில். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் எடைச் சீட்டுகளைப் படித்துச் சொல்வது சின்ன வயசிலிருந்தே என் வேலை. காலி வண்டி எடை, லோடு வண்டி எடை, நிகர எடை. அந்த மூன்றாவது எண்தான் எங்கள் வீட்டு அரிசி.

போன லீவில் அப்பாவோடு எடை மேடைக்குப் போயிருந்தேன். அறைக்குள் சிவப்பு எண் காட்டும் பெட்டி, பக்கத்தில் கம்ப்யூட்டர், நடுவில் ஒரு கேபிள். முனையில் அதே ஒன்பது ஊசி, அதே இரண்டு திருகு! எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. "அப்பா, இது நான் படிச்சது" என்று காட்டினேன்.

அப்பா கேட்டார்: "கம்பிக்குள்ள என்னடா போகுது?"

"எடைதாம்ப்பா. 18460ன்னா ஒண்ணு, எட்டு, நாலு, ஆறு, சைபர்னு ஒவ்வொரு எழுத்தா வரிசையா போகும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "போற வழியில மாறிப்போகாதா?"

எந்த வைவாவிலும் என்னை யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. உண்மையில் மாறலாம். '8' என்ற எழுத்தின் எண் 56. '9'க்கு 57. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். மோட்டார், வெல்டிங் இரைச்சலில் அந்த ஒரு பிட் புரண்டால் 18460 என்பது 19460. ஒரு டன்! இதைப் பிடிக்கத்தான் பாரிட்டி பிட். ஒன்றுகளை எண்ணிப் பார்த்து, ஒற்றையா இரட்டையா என்று கூடவே சொல்லி அனுப்பும். 56ல் மூன்று ஒன்று, 57ல் நாலு. உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு பிட் சேர்ந்து புரண்டால் பாரிட்டிக்கும் தெரியாது. பல பெட்டிகள் ஒரே எடையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். கேபிளையும் 15 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இப்படிச் சொன்னேன்: "கம்பி தானா பெருசா மாத்தாதுப்பா. ஆனா கம்பி போய்ச் சேர்ற கம்ப்யூட்டர்ல இருக்கிறது மனுஷன் எழுதின புரோகிராம். அதனால வண்டி ஏறினதும் அந்தச் சிவப்பு எண்ணைப் பாத்து மனசுல வச்சுக்கோ. சீட்டுல அதே எண் இருக்கான்னு பாரு. ரெண்டு தடவையும் பாத்துட்டு நீயே கழிச்சுப் பாரு."

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எண் நன்றாகத் தெரியும். பஸ் நம்பர், லாரி நம்பர் எல்லாம் படிப்பார். மனக்கணக்கில் என்னைவிட வேகம். ஆபரேட்டர் அண்ணனும் சிரித்துக்கொண்டே, "நல்லா பாத்துக்கங்கண்ணே" என்று பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அன்றைய சீட்டு சரியாகத்தான் இருந்தது. எடை மேடைகளைச் சோதித்து முத்திரை வைக்க 2009ஆம் வருட எடையளவுச் சட்டம் இருக்கிறது என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். இப்போது சீட்டு வந்தால் அப்பா என்னைக் கூப்பிடுவதில்லை. கூட வேலை செய்பவர்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

யூ.எஸ்.பி.-சீரியல் கன்வெர்ட்டர் ஒன்றை நாலு பேர் காசு போட்டு வாங்குங்கள். 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் சின்னக் கம்பியால் இணையுங்கள். புட்டி போன்ற ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வரும். கம்பியை எடுங்கள், நின்றுவிடும். கம்ப்யூட்டர் பக்கம் சரி என்று உறுதியானபின் கருவியை மாட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஒன்பது ஊசியை 5 வோல்ட் சிப்பில் நேராக மாட்டாதீர்கள், சிப் புகைந்துவிடும்.

வழக்கொழிந்ததை ஏன் படிக்கணும் என்று கேட்ட நண்பனுக்கு என் பதில் இதுதான். யூ.எஸ்.பி.க்குள் என்ன நடக்கிறது என்று நம்மால் எளிதில் எட்டிப் பார்க்க முடியாது. சீரியலில் ஒவ்வொரு பிட்டையும் சி.ஆர்.ஓ.வில் பார்க்கலாம், கையால் எண்ணலாம், தப்பு எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம். அதைப் படித்தவன் அடுத்து வரும் எந்தக் கேபிளைப் பார்த்தும் பயப்பட மாட்டான். டிப்ளமோ முடித்து நாளைக்கு ஏதோ ஓர் ஆலையில் நிற்கப் போகிறோம். அங்கேயும் ஒருவர் நம்மிடம் வந்து, "தம்பி, இதுக்குள்ள என்ன போகுது?" என்று கேட்பார். புரியும்படி பதில் சொல்லத் தயாராவோம் நண்பர்களே!