பெயர் கூப்பிடாமல் கொடுத்தவர்கள்

கொலன்னாவை என்றதும் கொழும்புக்காரருக்கு நினைவுக்கு வருவது எண்ணெய்த் தாங்கிகள். துறைமுகத்தில் இறங்கும் எரிபொருள் குழாய் வழியே இங்கே வந்து சேர்ந்து, பவுசர்களிலும் ரயிலிலும் நாடெங்கும் போகும். எனக்கு நினைவு வருவது வேறு. அந்தத் தாங்கிகளைக் கடந்து, கால்வாய்க் கரையோரமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பிள்ளைகள். மழை பெய்தால் ஒழுங்கை முழுக்கச் சேறு. களனி கங்கை பெருகிவிட்டால் ஒழுங்கை இருந்த இடமே தெரியாது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, பள்ளிக்கூட வாசல் குழாயில் காலைக் கழுவி, பிறகு போட்டுக்கொள்வோம். சப்பாத்து இருந்தவர்கள் அப்படி.

எங்கள் அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி. அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் சுமக்கும் வேலை. பக்கத்து வீட்டு மாமா தெமட்டகொட ரயில்வே ஷெட்டில். எதிர்வீட்டு அக்கா விடியற்காலையில் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போய் இரண்டு வீடுகளில் சமைத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் திரும்புவார். மலையகத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு வீடு மாறி வந்தவர்கள், வடக்கிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லோருடைய பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். 1990இல் ஆறாம் ஆண்டில் சேர்ந்து, சாதாரண தரம் எழுதும்வரை அங்கேதான் படித்தேன்.

பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஆசிரியர்கள் யாரென்று தெரிந்துவிடும். தாங்கள் செய்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அந்த உறுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலங்கையில் அரசு தந்த கல்வி உதவிகளை நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேர்ந்தவை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, 1980இல் வந்த இலவசப் பாடநூல், 1989இல் பிரேமதாச ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு. எங்களுக்கு மூத்தவர்கள் 'கேர்' நிறுவனம் கொடுத்த பிஸ்கட்டைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் காலத்தில் அவித்த கவ்பியும் கடலையும். தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்து, பெற்றோர் முறை வைத்து அவித்துக் கொடுத்தார்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளைக்கும் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கும் ஒரே அகப்பைதான். பசியோடு வந்தவர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை.

1993 ஜனவரியை மறக்க முடியாது. அந்த ஆண்டுதான் நாடு முழுவதும் சுமார் 40 இலட்சம் மாணவர்களுக்குச் சீருடைத் துணி இலவசமாக வந்தது. அதற்கு முந்திய வருடங்களில் வகுப்பில் எத்தனை விதமான வெள்ளை இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. புதுத் துணியின் வெள்ளை, நீலம் போட்டு வெளுத்த வெள்ளை, அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கி இறங்கி மஞ்சள் பாரித்த வெள்ளை. மைக்கறை படிந்த கவுனைப் பக்கவாட்டில் மடித்துப் பிடித்தபடி கரும்பலகைக்குப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கணக்குச் சரியாகத் தெரிந்திருந்தும் கையை உயர்த்தாமல் இருந்தவர்களையும் தெரியும். எழுந்து நின்றால் கவுன் தெரிந்துவிடும் என்ற பயம். ஆசிரியர்கள் அதைப் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவதுண்டு.

அந்த ஜனவரியில் வகுப்பு முழுவதும் ஒரே துணியில் வந்து உட்கார்ந்தது. முதல் நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசை வரிசையாக ஒரே வெள்ளை. யார் வீட்டில் என்ன நிலைமை என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு மே 1ஆம் தேதி, ஆமர் வீதிச் சந்தியில் மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி, அதுவும் தமிழர்கள், ஒரே மாதிரிப் பேச மாட்டார்கள். அந்தத் துணியைப் பற்றி மட்டும் எங்கள் அம்மா கடைசிவரை நன்றியோடுதான் பேசினார்.

ஆனால் அரசு எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது. சப்பாத்து, கொப்பி, கொம்பாஸ் பெட்டி, பஸ் சீசன் டிக்கட், பரீட்சைக் காலத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் என்று மிச்சம் நிறைய இருந்தது. எண்ணெய்த் தாங்கிகளின் நிழலிலேயே மண்ணெண்ணெய் இல்லாமல் படிப்பை நிறுத்திய வீடுகள் இருந்தன. இந்த மிச்சத்தைத்தான் எங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

உப அதிபர் மிஸ்ஸின் அறையில் ஒரு பச்சை அலுமாரி இருந்தது. பழைய மாணவர் சிலரும், புறக்கோட்டை வியாபாரிகள் இரண்டு மூன்று பேரும் அனுப்பிய பொருட்கள் அதற்குள் இருக்கும். யாருக்கு என்ன தேவை என்பதை வகுப்பாசிரியர் கவனித்து அவரிடம் சொல்வார். கூட்டத்தில் பெயர் வாசிப்பது கிடையாது. மனு எழுதித் தரச் சொல்வதும் கிடையாது. ஏதாவது சாட்டுச் சொல்லி அந்தப் பிள்ளையை அறைக்கு அனுப்புவார்கள்; இந்த இடாப்பைக் கொண்டுபோய்க் கொடு, சோக் பெட்டி வாங்கி வா என்று. அப்படித்தான் ஒருமுறை நானும் போனேன். மிஸ் என் காலைப் பார்க்கவே இல்லை.

"மகள், இது சைஸ் மாறி வந்திருச்சு. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். உனக்குச் சரியா வருமான்னு போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். அளவெடுத்து வாங்கியதுபோல் இருந்தது. உண்மையிலேயே அளவெடுத்து வாங்கியதுதான் என்று பல வருடங்களுக்குப் பிறகு வகுப்பாசிரியர் சொல்லித் தெரியவந்தது. விளையாட்டு மைதானத்தில் ஈரமண்ணில் பதிந்த என் காலடியை அவர் ஒரு நூலால் அளந்து கொடுத்திருக்கிறார். இந்த நாட்டில் நலத்திட்டம் வகுக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த நூலைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பரிசளிப்பு விழாவிலும் இதே கவனம் இருந்தது. முதலாம், இரண்டாம் பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. தமிழ்த் தினப் போட்டியில் கோட்ட மட்டம், வலய மட்டம் என்று ஏறியவர்களுக்கும், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடியவர்களுக்கும் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் அதிபர் அவற்றோடு இன்னும் சில சேர்த்திருந்தார். அவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது முன்னேற்றப் பரிசு. முந்திய தவணையைவிட அதிகம் உயர்ந்த பிள்ளைக்கு அது. வகுப்பில் கடைசி வரிசையில் கிடந்த பிள்ளை நடுவுக்கு வந்தால், முதலாம் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே கைதட்டலோடு மேடைக்கு ஏறலாம். என்னோடு படித்த ஒருத்தி, தகப்பன் இல்லாதவள், அம்மாவோடு சேர்ந்து வீட்டில் பீடி சுற்றுகிறவள், ஒன்பதாம் ஆண்டில் அந்தப் பரிசை வாங்கினாள். பரிசு ஒரு தமிழ் அகராதி. அந்த வருடம்தான் அவளைப் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விழாவுக்கு வந்த அவள் அம்மா, மகளுடைய பெயரை ஒலிபெருக்கியில் கேட்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்று அவள் ஓர் ஆசிரியை.

கொடுக்கும்போது பெயரை மறைத்தார்கள், பாராட்டும்போது பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். அந்த வேறுபாடு அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

முழு வரவுக்கும் ஒரு பரிசு இருந்தது. அதில் ஒரு சிக்கல். கங்கை பெருகும் நாட்களில் தாழ்ந்த ஒழுங்கைப் பிள்ளைகள் வர முடியாது, மேட்டில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள். அதிபர் அதற்கு ஒரு விதி வைத்தார். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த நாட்கள் கணக்கில் வராது. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லவில்லை, வகுப்பாசிரியரின் சொல்லே போதும் என்றார். வெள்ளத்தைவிடப் பெரிய இடர் ஒன்றும் பின்னால் வந்தது.

1995 ஒக்டோபர் 20. விடியற்காலையில் விடுதலைப் புலிகள் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கினார்கள். ஒருகொடவத்தையிலும் அப்படியே. வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகும் தாங்கிகள் எரிந்துகொண்டிருந்தன. கரும்புகை வானத்தை மூடி, உலர்த்திய துணிகளிலெல்லாம் கரி படிந்தது. அன்றிலிருந்து அந்தப் பகுதியில் தமிழ்ப் பிள்ளையாக நடமாடுவது வேறு விஷயமாகிவிட்டது. சந்திக்குச் சந்தி சோதனை. எங்களுக்கோ டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. அடையாள அட்டை கைக்கு வராத பையன்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கினார்கள்.

உப அதிபர் மிஸ் தட்டச்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அடித்தார். சிங்களத்தில், பெயர், முகவரி, சுட்டெண், பரீட்சை நிலையம், கீழே அதிபரின் கையெழுத்தும் முத்திரையும். பரீட்சை நாட்களில் ஆசிரியர்கள் ஒழுங்கைக்கு ஒருவராக வந்து நின்று, எங்களைக் கூட்டமாக அழைத்துப் போனார்கள். சோதனைச் சாவடியில் முதலில் அவர்கள் பேசினார்கள், பிறகு நாங்கள் கடிதத்தை நீட்டினோம். பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவரும் சில நாட்கள் எங்களோடு நடந்து வந்தார். யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. மாணவர் நலன் என்ற தலைப்பில் எந்தச் சுற்றறிக்கையிலும் இந்த வேலை எழுதப்பட்டிருக்காது. நான் பரீட்சை எழுதியது அந்தக் கடிதத்தால்தான்.

படித்து முடித்து வெளியேறிய பிறகும் ஊர் ஓயவில்லை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியவும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில்தான், டெரன்ஸ் என். டி சில்வா வித்தியாலயத்தில். எங்கள் பகுதியில் எந்த இடர் வந்தாலும் மக்கள் கடைசியில் போய் நிற்பது ஒரு வகுப்பறையில். அந்தப் பிள்ளைகள் இழந்த புத்தகப்பையைப் பற்றி எந்தச் செய்தியிலும் பெரிதாகப் படித்த நினைவில்லை.

இதற்கிடையில் சீருடைத் துணியும் மாறியது. 2016ஆம் ஆண்டுக்குத் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். தரமான துணியைப் பெற்றோரே தேர்ந்து வாங்கலாம் என்பது நியாயம். ஆனால் வவுச்சரின் பெறுமதியோடு நின்றவர்களும், மேலே காசு போட்டு நல்ல துணி எடுத்தவர்களும் மறுபடி வெவ்வேறு வெள்ளையில் வகுப்புக்கு வந்தார்கள். பிறகு துணியே திரும்பி வந்தது. பொருளாதாரம் விழுந்த பின், 2023இல் தேவையான துணியில் 70 வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2022இன் நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதையும், கொப்பி விலை ஏழைப் பெற்றோருக்கு எட்டாமல் போனதையும் கண்டோம். 2024இல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் உணவு என்று வந்தபோது எனக்குப் பழைய கவ்பியும் அந்த ஒரே அகப்பையும் நினைவுக்கு வந்தன. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே பசிதான். அவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

இப்போது உதவி செய்கிறவர்கள் குறைவில்லை. வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள், கோயில்களும் சங்கங்களும் கொப்பி கொடுக்கின்றன. மனமாரக் கொடுக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கும் இடத்தில் ஒரு பதாகை, பின்னால் கொடையாளியின் பெயர், முன்னால் கொப்பிக் கட்டைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. அந்தப் படம் அன்றைக்கே எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது, அதே வகுப்பில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் கைபேசியிலும். பதினான்கு வயதுப் பெண்பிள்ளை அடுத்த நாள் எப்படி வகுப்புக்குள் நுழைவாள் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தால் அந்தப் படம் எடுக்கப்பட்டிராது.

ஆகவே கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற என் பழைய பள்ளித் தோழர்களுக்கும், அவர்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆண்டு தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கிறீர்களா, பொருளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். உங்கள் கணக்குக்கு ஓர் ஆதாரம் வேண்டுமென்றால் அதிபரின் கையெழுத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். படம் எடுக்க ஆசை இருந்தால் பரிசளிப்பு விழாவுக்கு வாருங்கள். அங்கே மேடைக்கு ஏறும் பிள்ளை, தன்னைப் படம் எடுக்கச் சொல்லி தானே கேட்கும்.