துப்புத் துலக்கும் நெற்பயிர்

எங்கள் வீட்டில் இறால் உரித்தால் ஓடெல்லாம் ரோஜாச் செடிக்குத்தான். அந்த ஓட்டிலுள்ள கைட்டின்தான் பூஞ்சைக் காளானின் சுவரிலும் இருக்கிறதாம்! குலை நோய்ப் பூஞ்சை இலையில் இறங்கினால், ஓடிப்போக நெல்லுக்குக் காலா இருக்கிறது? ஒரு நொதியை ஏவிப் பூஞ்சையின் சுவரை நறுக்குகிறது. சிதறும் கைட்டின் துணுக்கு, பயிரின் செல்மீதுள்ள ஒரு புரதத்தில் பட்டதுதான் தாமதம், "திருடன், திருடன்!" என்று உள்ளே ஒரே அமர்க்களம். புண்ணில் விட்டால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊறுகிறது. பூஞ்சைக்கு ஆகாத நஞ்சுகளும் தயாராகின்றன. இந்தப் புரதத்தை 2006-இல் அடையாளம் காட்டியவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள்.

திருடன் மட்டும் லேசுப்பட்டவனா? துணுக்கு பயிரிடம் சிக்குமுன் தானே அள்ளி மறைக்க அவனிடமும் ஒரு புரதம் உண்டென்று 2012-இல் தெரிந்தது. அவன் ஜெயித்துக் கதிரின் கழுத்தைப் பிடித்துவிட்டால் மணியெல்லாம் பதர்.