கட்டிய வீடும் வாங்கிய வீடும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்றார்கள் நம் முன்னோர். வீட்டை வாங்கிப்பார் என்று சொல்லவில்லை. வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும் என்று எண்ணினார்களோ என்னவோ!

வலிகாமம் வடக்கில் 1958 இல் ஐயா வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. நிலையம் எடுப்பித்த கையோடு அவர் வெட்டுவித்தது கிணற்றைத்தான். சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டுமல்லவா? கிணற்றிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல்லே அத்திவாரத்துக்கும் போயிற்று. ஆசிரியச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த மாதங்களில் சுவர் உயரும்; மற்ற மாதங்களில் மழையில் நனைந்து கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தம்பியும் கல் சுமந்தோம். குடிபூர நான்கு ஆண்டுகள் சென்றன.

நான் வீடு வாங்கியது 1996 இல், தெகிவளையில். பத்திரிகைத் தொழிலில் இரவு வேலை. மேசன்மாரோடு நிற்க நேரமில்லை. விற்றவர் பிள்ளைகளிடம் கனடா செல்லவிருந்த முதியவர். காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுக்கால உரித்தைத் தேடுவித்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதி முடித்தோம். ஐயாவுக்கு நான்கு ஆண்டுகள் எடுத்த காரியத்தை இரண்டே மாதத்தில் முடித்துவிட்டேன் என்று சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் பின்னறைச் சுவர் ஒழுகியது. ஒரு மேசன் ஓடு மாற்றினார். அடுத்தவர் பீலி மாற்றினார். மூன்றாமவர் சுவருக்குப் புதிதாகப் பூசினார். மூன்று மாரி கடந்தும் ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் முதியவருக்கு எழுதினேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஓட்டிலை பிழை இல்லை. அந்த அறை 1974 இலை பிறகு சேர்த்தது. சீமெந்துக்குத் தட்டுப்பாடான காலம். பழைய சுவரோடை பிணைச்சுக் கட்டேல்லை, முட்ட வைச்சுத்தான் எழுப்பினது. அலுமாரிக்குப் பின்னாலை பாருங்கோ."

அலுமாரியை நகர்த்திச் சுவரைக் கொத்திப் பார்த்தோம். அவர் சொன்ன இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. உறுதியில் காணியின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருந்தன. சுவருக்குள் இருப்பதை எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை. அது கட்டியவரோடு கனடாவுக்குப் போய்விட்டிருந்தது.

ஐயாவின் வீட்டை 1990 ஜூனில் விட்டு வெளியேறினோம். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட அந்தக் காணியை மீண்டும் மிதித்தது, சில பகுதிகள் விடுவிக்கப்பட்ட 2015 இல். கூரையில்லை, நிலைகளில்லை, பற்றைக்குள் அத்திவாரமும் தூர்ந்த கிணறும் மட்டும். இலண்டனிலிருந்து வந்திருந்த தம்பியின் மகன் கேட்டான்: "பெரியப்பா, எது எங்கை இருந்தது?" விறாந்தை, சுவாமியறை, குசினி என்று ஒவ்வொன்றாக நடந்து காட்டினேன். தம்பி இப்போது இல்லை. அந்தக் கல்லைச் சுமந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான்தான்.

யாழ்ப்பாண நகரில் கட்டிமுடித்த வீடொன்றை வாங்கிவிடலாம் என்பது அவன் யோசனை. கணக்குப்படி அவன் சொன்னதே சரி. 2012 இல் வடக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள்; நின்று கட்டுவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சற்றுப் பெரிதாகக் கட்டப் புறப்பட்டுக் கடனில் மூழ்கியவர்களை நான் அறிவேன். ஆகவே நேரமில்லாதவர்கள் வாங்குவதே நல்லது என்பேன். ஆனால் உறுதியைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கட்டியவர் உயிரோடிருந்தால் ஒரு பின்னேரம் அவரோடு வீட்டைச் சுற்றி நடந்து, எதை எப்போது சேர்த்தார், எங்கே சிக்கனம் பிடித்தார் என்று கேளுங்கள்.

நாங்கள் நகரில் வாங்கவில்லை. பழைய அத்திவாரத்தின் ஒரு மூலையில் இரண்டு அறை மட்டும் கட்டினோம். முதல் வேலையாகக் கிணற்றைத் தூரெடுத்து இறைப்பித்தோம். தம்பியின் மகன் ஆறு வாரம் விடுமுறை எடுத்து வந்து மேசன்மாரோடு நின்றான். அந்தச் சுவர்களுக்குள் என்ன இருக்கிறது என்பது இன்று அவனுக்குத் தெரியும். என் காலத்துக்குப் பின்னர் அங்கு யார் குடியிருந்தாலும், கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறான்.